சாம்பாரில் கரைந்த மாத்திரை

"சோத்துல பொடிச்சுப் போட்டுக் கொடுத்தா தப்பாங்க?"

மனநல மருத்துவரின் அறையிலிருந்து எழுந்து வாசல்வரை போய்விட்டு, திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இது. மனச்சிதைவு நோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில் பெரும்பாலானவை என்றாவது ஒருநாள் இதை யோசித்திருக்கும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் இதே கேள்வி மலையாளத்திலும் கொங்கணியிலும் குஜராத்தியிலும் தமிழிலும் எழும். நான்கு தெரு நடந்தால் நான்கு மொழி காதில் விழும் ஊர் அது.

மட்டாஞ்சேரியை ஒட்டிக் கிடக்கிறது வெளி என்ற பகுதி. டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து கூட்டி வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். 1976-ல் கட்டப்பட்ட தோபி கானாவில் துவைத்து, கஞ்சி போட்டு, இரண்டு முறுக்குக் கயிறுகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிக் காயப்போடுவார்கள், கிளிப்பே கிடையாது. அந்தப் பக்கத்தில் ஓர் அக்கா தன் தம்பியைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறார். பெயரும் வீடும் வெளியே தெரிய வேண்டாம் என்றார். கல்யாண வயதில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

தம்பிக்கு நோய் வந்தது இருபதுகளின் தொடக்கத்தில். மாத்திரை சாப்பிட்டான், தேறினான், நிறுத்தினான், மறுபடி விழுந்தான். மூன்றாம் முறை மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்று நின்றுவிட்டான். யாரோ சொன்ன யோசனைப்படி அக்கா மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி அவன் தட்டுச் சாம்பாரில் மட்டும் கலந்தார். சில வாரம் ஓடியது. ஒரு நாள் ராத்திரி அடுக்களையில் அவர் நசுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

அதற்குப் பிறகு அவர் சமைத்த எதையும் அவன் வாயில் வைக்கவில்லை. தோலுரிக்காத பழம், கடையில் பிரிக்காமல் வாங்கிய ரொட்டி, அவ்வளவுதான். "சோத்துல விஷம் வைக்கிறாங்கன்னு அவன் காதுக்குள்ள ஒரு குரல் சொல்லிட்டே இருந்திருக்கு. அந்தக் குரல் சொன்னது நெசம்தான்னு நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிப்போச்சு" என்கிறார் அக்கா.

ஒளித்துக் கொடுப்பதில் உள்ள முதல் ஆபத்து இதுதான். உணவில் ஏதோ கலக்கிறார்கள், வீட்டாரே சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயில் மிகப் பரவலான அறிகுறி. அந்தச் சந்தேகத்துக்கு நாமே சாட்சியம் தயாரித்துக் கொடுத்துவிடுகிறோம். மாத்திரையில் மெல்ல மெல்லக் கரைவதற்கென்று செய்யப்பட்ட வகைகளும் உண்டு; அவற்றைப் பொடித்தால் ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். தட்டில் பாதி மிச்சமானால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. ஒளித்துக் கொடுத்து ஒருவர் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தான் தேறியது மருந்தால் என்பது அவருக்குத் தெரியாது. 'மாத்திரையே போடாமல்தானே நன்றாக இருக்கிறேன்' என்று நம்புவார். அந்த அம்மாவோ அக்காவோ படுத்துவிட்டால், அல்லது அவர் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனால், அன்றோடு மருந்து நிற்கும். ஏன் மறுபடி நோய் வந்தது என்பதும் அவருக்குப் புரியாது.

இப்படிச் செய்கிற குடும்பங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ராத்திரி மூன்று மணிக்குக் கதவை உடைத்துக்கொண்டு ஓடுகிறவரைத் துரத்திப் பிடித்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். 2015-16-ல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களில் சுமார் நான்கில் மூவர் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். சிகிச்சை எட்டாத இடத்தில் வேறு என்னென்ன நடக்கும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் எத்தனையோ பேர் வேறு வழி தெரியாத சொந்தக்காரர்கள். வீட்டிலேயே வைத்து, மாத்திரையும் வாங்கிக் கொடுத்துப் பார்க்கிற குடும்பம் ஏற்கெனவே பெரிய காரியம் செய்துகொண்டிருக்கிறது. அதே காரியத்தை ஒளிக்காமல் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். அதற்கு முதலில், அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்க வேண்டும்.

"கால் சும்மா இருக்க மாட்டேங்குது"

அந்தத் தம்பியிடம் அப்படிக் கேட்டது கிளினிக்கில் இருந்த ஒரு நர்ஸ். "மாத்திரை போட்டா உங்களுக்கு என்ன பண்ணுது?" என்ற ஒரே கேள்வி. தம்பி சொன்ன பதில்: "கால் சும்மா இருக்க மாட்டேங்குது சிஸ்டர். உக்காந்தா எந்திரிக்கணும், எந்திரிச்சா நடக்கணும், நடந்தாலும் தீராது. தோலை உரிச்சுட்டு ஓடணும்போல இருக்கும்."

இதற்கு மருத்துவத்தில் அகதீசியா என்று பெயர். மனநோய் மருந்துகளில் சில, குறிப்பாக ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள், இதை உண்டாக்கும். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற புதியவற்றிலும் வரலாம். கொடுமை என்னவென்றால், பார்க்கிறவர்களுக்கு இது நோய் முற்றியதுபோலவே தெரியும். அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறார், எரிந்து விழுகிறார், தூங்கவில்லை. "நோய் அதிகமாயிடுச்சு டாக்டர்" என்று வீட்டார் சொல்ல, மருந்தின் அளவு கூட, நடை இன்னும் கூடும். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதும் உண்டு. ஆகவே டாக்டரிடம் போகும்போது 'அதிகமாக நடக்கிறார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரை தொடங்கிய பிறகா, அளவு கூட்டிய பிறகா, நடக்கும்போது சற்று நிம்மதி கிடைக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ வேறொரு மாத்திரை சேர்த்தோ இதைச் சரிப்படுத்த முடியும். அந்தத் தம்பிக்கு மருந்து மாற்றப்பட்டது. மாத்திரையை இப்போது அவன் கையாலேயே எடுத்துப் போடுகிறான்.

மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதும், நாக்கு தடித்து வெளியே தள்ளுவதும், கண் மேலே செருகி நிற்பதும் நடக்கலாம். இளவயது ஆண்களுக்கு இது அதிகம். பார்த்தால் வலிப்பு மாதிரியும் பேய் பிடித்த மாதிரியும் இருக்கும். மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அவசரப் பிரிவுக்குப் போய் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொன்னால், ஓர் ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும். கைநடுக்கம், முகபாவமே இல்லாமல் இறுகிப்போவது, குறுகிய அடியெடுத்து நடப்பது ஆகியவை பிறகு வரலாம். இவற்றுக்காகத்தான் பல சீட்டுகளில் 'பேசிடேன்' என்று எழுதியிருக்கும். அது நோய்க்கான மருந்தல்ல, பக்கவிளைவுக்கான மருந்து. தேவை தீர்ந்த பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி எல்லாம் சேரும். 'இது இன்னும் வேணுமா டாக்டர்?' என்று கேட்பதில் தவறில்லை. பல வருடம் மருந்து சாப்பிட்டவர் தன்னையறியாமல் சப்புக்கொட்டுகிறார், நாக்கைச் சுழற்றுகிறார் என்றால் அதை உடனே சொல்ல வேண்டும். முற்றவிட்டால் மாறாமலே நின்றுவிடக்கூடும்.

உடல் எடை வேறு வகைத் துயரம். ஓலன்சபினும் குளோசபினும் பசியைக் கிளப்பிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுந்து சட்டியில் இருக்கும் சோற்றைத் தின்கிறவரைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பசி மாத்திரையிலிருந்து வருவது. சில மாதத்தில் பத்துக் கிலோ ஏறியவர்கள் உண்டு. பின்னாலேயே சுகர் வரும், கொழுப்பு வரும். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்துபோவதற்கு இதயநோய் ஒரு பெரிய காரணம் என்பது உலகம் முழுக்க அறியப்பட்ட உண்மை. மருந்து தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சுகர், கொழுப்பு பார்த்துக் குறித்து வைத்து, மூன்று மாதத்தில் ஒருமுறையும் பிறகு வருடம் ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது மருத்துவ நடைமுறை. சீட்டில் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், பால் சுரக்கலாம். கர்ப்பம் என்று நினைத்து வீட்டில் பெரிய ரகளையே நடந்துவிடும். ஆண்களுக்குத் தாம்பத்திய விஷயத்தில் சிக்கல் வரும். அதை அக்காவிடமோ அம்மாவிடமோ எந்தத் தம்பியும் சொல்லமாட்டான். மருந்தை நிறுத்திவிடுவான், காரணத்தைச் சொல்லமாட்டான். டாக்டரிடம் போகும்போது ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே நில்லுங்கள். அவர் தனியாகப் பேச இடம் கொடுங்கள்.

இத்தனை தொல்லை இருந்தும் எதற்கு மருந்து? நிறுத்தினால் என்ன நடக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2012-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகெங்கும் நடந்த 65 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதத்தினருக்கு. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கு. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் வேலை போகிறது, நட்பு போகிறது, பழைய நிலைக்கு ஏறி வர அதிக காலம் பிடிக்கிறது. 1952-ல் பாரிஸின் சேந்த் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசினைக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்னால், இந்த நோய்க்கு ஊரெங்கும் பெரும்பாலும் இருந்தது பூட்டிய அறையும் குளிர்ந்த நீரும்தான். (அதற்கும் முன்னால், 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி வேரைப் பித்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தாக எழுதியிருந்தார்கள் என்பதை நம்மவர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை.) பல வீடுகளில் இந்த மனநோய் மருந்துகளைத் 'தூக்க மாத்திரை' என்கிறார்கள். தூக்கம் இவற்றின் பக்கவிளைவுதான். குடிப்பழக்கம் மாதிரி அடிமையாக்குகிற மருந்துகளும் அல்ல இவை. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் மிகைவேலையைக் கட்டுப்படுத்தி, குரல்களையும் சந்தேகங்களையும் தணிக்கின்றன. அது நடக்கச் சில வாரங்கள் ஆகும். தூக்கம் மட்டும் முதல் நாளே வரும். 'நாலு நாளாச்சு, ஒண்ணும் தெரியல' என்று மருந்தை விட்டுவிடுகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் விடுகிறார்கள்.

பீடியும் குளோசபினும்

குளோசபினைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மற்ற இரண்டு மருந்துகள் கைவிட்ட பிறகு வருவது அது. பலருக்கு வாழ்க்கையை மீட்டுக் கொடுத்ததும் அதுதான். 1975-ல் பின்லாந்தில் இந்த மருந்தால் ரத்த வெள்ளணுக்கள் திடீரெனக் குறைந்து சிலர் இறந்தார்கள். அதன்பின் பல நாடுகளில் ஒதுக்கிவைக்கப்பட்டு, ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு மறுபடி வந்தது. முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்பது இங்கே வழக்கம். ரத்தம் எடுக்க வரமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால், அந்த ஊசி எதற்கு என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா என்று பாருங்கள். குளோசபின் சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மருந்தில் குடல் அசைவே நின்று உயிர் போன சம்பவங்கள் உண்டு. இரண்டு மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை, வயிறு உப்புகிறது என்றால் கஷாயம் கொடுத்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பீடி விஷயம் பலருக்குத் தெரியாது. புகையிலையின் புகை, கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி குளோசபினையும் ஓலன்சபினையும் வேகமாகக் கரைத்துவிடும். அதனால் புகைபிடிப்பவருக்கு டாக்டர் கொஞ்சம் கூடுதல் அளவில் ஏற்றி வைத்திருப்பார். அவர் ஒரு நாள் பீடியை விட்டுவிட்டால், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்து புகைக்க முடியாமல் போனால், அதே மாத்திரை ஒரு வாரத்துக்குள் உடம்பில் அளவுக்கு மேல் சேரும். மயக்கம், உளறல், வாயில் எச்சில் வழிவது, சில சமயம் வலிப்பு. பீடியை விடுவது மிக நல்லது. விடப்போகிறார் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். இதே நொதியைத் தடுக்கிற இன்னொன்று சிப்ரோஃப்ளாக்சசின். வயிற்றுப்போக்குக்கும் மூத்திரக் கடுப்புக்கும் கடையில் சீட்டில்லாமலே வாங்கிப் போடுகிற அந்த மாத்திரை, குளோசபின் அளவை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகும். எந்த நோய்க்கு எந்த டாக்டரிடம் போனாலும் மனநோய் மாத்திரையின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற இடம் அதுவல்ல.

எந்த மனநோய் மருந்தானாலும் ஒரே ஓர் அபாய அறிகுறி எல்லார் மனதிலும் நிற்க வேண்டும்: கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டையாக விறைப்பது, வியர்வை, புத்தி தடுமாற்றம், இவை சேர்ந்து வந்தால் அது உயிராபத்து. அபூர்வமாகத்தான் வரும். வந்தால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவு.

வெயிலும் இந்த ஊரில் ஒரு விஷயம். இந்த மருந்துகளில் பல, உடம்பு வியர்த்துக் குளிர்வதைக் குறைக்கும். குளோர்ப்ரோமசின் சாப்பிடுகிறவரின் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும். தோபி கானாவின் திறந்தவெளியில் காயப்போடுகிறவரோ, கரி இஸ்திரிப் பெட்டியோடு நாள் முழுக்க நிற்கிறவரோ இந்த மருந்தில் இருந்தால் தலைக்குத் துண்டும் நிறையத் தண்ணீரும் நிழலில் வேலையும் ஏற்பாடு செய்ய வேண்டும். நோன்பு மாதத்திலும் இதே கவனம் தேவை. மட்டாஞ்சேரியில் நோன்பு பிடிக்கிற குடும்பங்கள் அநேகம். ஒரு நாளைக்கு ஒரு வேளை மருந்தை இஃப்தாருக்குப் பிந்தைய நேரத்துக்கு மாற்றுவது பலருக்கு எளிது. இரண்டு வேளை மருந்தையும், கூடவே லித்தியம் சாப்பிடுகிறவரின் மருந்து நேரத்தையும் நாமாக மாற்றக் கூடாது. நோன்பு தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டால், நடுவில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை நிற்பது தவிர்க்கப்படும்.

ஒரு வேளை தவறிவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்ததென்றால் தவறியது தவறியதுதான். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. குளோசபினுக்கு மட்டும் விதி கடுமையானது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி ஆரம்பிக்கவே கூடாது. இதயமும் ரத்த அழுத்தமும் தாங்காது. டாக்டர் 12.5 மில்லிகிராமிலிருந்து மெல்ல ஏற்றுவார். கடையில் கம்பெனி மாறிய அட்டை கொடுத்தால் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து அவர் மிரளக்கூடும். 'பேர் மாறியிருக்கு, உள்ளே இருக்கிற மருந்து இதுதான்' என்று அட்டையைத் திருப்பி எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மனம் மிகவும் சோர்ந்திருக்கிற நாட்களில் மொத்த அட்டைகளையும் அவர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எப்போதுமே பூட்டு.

தினமும் மாத்திரை போடுவதுதான் சண்டை என்றால் நீண்டநாள் ஊசி இருக்கிறது. ஃப்ளூஃபெனசின், ஹாலோபெரிடால் போன்றவை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. பாலிபெரிடோன் மாதம் ஒருமுறை, அதிலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதும் உண்டு. இதைத் தண்டனைபோல மிரட்டுவதற்குப் பயன்படுத்துகிற வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். 'மாத்திரை போடலைன்னா ஊசி' என்று சொல்லிச் சொல்லியே, தினசரித் தகராறிலிருந்து அவரை விடுவிக்கக்கூடிய ஒரு நல்ல வழியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

தெரிந்து கொடுக்கும் கை

பாகிஸ்தானின் பெஷாவரில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். காசநோய்க்குக் கண்ணெதிரே மாத்திரை கொடுக்கிற முறையை அங்குள்ள மருத்துவர்கள் மனச்சிதைவுக்குக் கொண்டுவந்தார்கள். 110 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியில், குடும்பத்தில் ஒருவருக்கு மருந்து கொடுக்கப் பயிற்சி. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு. ஒரு வருடத்தில், பயிற்சி பெற்ற வீடுகளில் சுமார் 67 சதவீதத்தினர் முழுமையாக மருந்து சாப்பிட்டார்கள்; மற்றவர்களில் 45 சதவீதத்தினர். அதே வீடு, அதே அம்மா, அதே மாத்திரை. ஒளித்துக் கொடுக்கிற வீடுகளோடு ஒப்பிட்டால், அது சாம்பாருக்குள் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக்குவதில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளியோடு உறவினர்களையும் தங்கவைத்தார். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நீண்டகாலம் நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியது மனச்சிதைவுக்கென்றேதான். 2014-ல் லான்செட்டில் வந்த காப்சி ஆய்வு தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் உதவினார்கள். ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைத்தது. 'கொஞ்சம்' என்பதை அழுத்தியே சொல்கிறேன். அதிசயம் நடக்கும் என்று எந்தக் குடும்பத்துக்கும் ஆசைகாட்டக் கூடாது.

கேரளத்தில் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது. மனநலக் குழு மாதந்தோறும் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்த்து, மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை என்று உங்கள் பகுதி ஆஷா பணியாளரிடம் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் மட்டாஞ்சேரிக்காரர்களுக்குப் பக்கம் எறணாகுளம் ஜெனரல் ஹாஸ்பிட்டல். வெளியே வாங்க வேண்டியிருந்தால் காருண்யா மருந்தகத்தில் விலை குறைவு. ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மனஸ் எண் அது, தமிழிலும் பேசலாம். கேரளத்தின் திஷா உதவி எண் 1056. முழுநேரமும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. ஒருவர் வேலையைவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் இழக்கிற கூலிக்கு முன்னால் அது மிகச் சிறிய தொகை. இதை உயர்த்தச் சொல்லிக் கேட்கக் குடும்பங்கள் ஒன்றுசேர வேண்டும். ஊளம்பாறை, குதிரவட்டம், கீழ்ப்பாக்கம் என்று மருத்துவமனை இருக்கும் ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற நாம், அப்படி ஒன்றுசேர்வதைத்தான் முதலில் தடுத்துவிட்டோம்.

அக்காவின் வீட்டில் இப்போது இருக்கிற ஏற்பாடு எளிமையானது. ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா. முதலில் சில மாதம் அக்கா எடுத்துக் கொடுத்தார், தம்பி வாங்கிப் போட்டான். பிறகு தம்பி அவர் எதிரில் தானே எடுத்துப் போட்டான். இப்போது டப்பாவை நிரப்புவது அவன். அக்கா ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பார். "தம்பி, இந்த வாரம் ரெண்டு அறை மாறிப்போச்சு பாரு" என்று அவர் சொன்னால் அவன் சரிசெய்வான். தூக்கம் குறைவதுதான் அவனுக்கு நோய் திரும்புவதன் முதல் அடையாளம் என்று இருவரும் கண்டுவைத்திருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லையென்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருப்பதில்லை.

எவ்வளவு காலம் என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. முதல் முறை நோய் வந்து தேறியவருக்குக் குறைந்தது ஒன்றிரண்டு வருடம். பலமுறை வந்தவருக்கு ஐந்து வருடமோ அதற்கும் மேலோ, சிலருக்கு ஆயுள் முழுக்க. குறைக்க வேண்டும் என்று அவர் விரும்பினால் அந்த விருப்பத்தை டாக்டரிடம் அவரே சொல்லட்டும். மாதக்கணக்கில், துளித்துளியாக, எல்லாருக்கும் தெரிந்து குறைப்பது ஒரு வகை. ஒரே நாளில் ரகசியமாக நிறுத்துவது வேறு வகை. குறைப்பதைப் பற்றிப் பேசவே முடியாத வீட்டில்தான் ரகசியமாக நிற்கிறது.

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பதை விதியாக்கியது. முடிவெடுக்கும் நிலையில் இருக்கிற ஒருவருக்கு அவரறியாமல் மருந்து கொடுப்பதை அந்தச் சட்டத்தோடு பொருத்திப் பார்க்க முடியாது. அவசர நிலைக்கும், முடிவெடுக்க முடியாத அளவு நோய் முற்றிய நிலைக்கும் சட்டத்திலேயே தனி வழிகள் இருக்கின்றன. அங்கே முடிவில் மருத்துவரும் பங்கேற்பார், அடுக்களை மட்டும் முடிவு செய்யாது. அதே சட்டம் இரண்டு நல்ல வசதிகளைத் தருகிறது. நோய் முற்றும் நாளில் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவரை நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதி, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். நன்றாக இருக்கிற ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து அவரையே எழுதச் சொல்லுங்கள்: எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது கழுத்தை இழுத்தது, எதில் கால் தவித்தது, எந்த ஆஸ்பத்திரி, யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது. ஒரு நகல் அவரிடம், ஒன்று கிளினிக் ஃபைலில், ஒன்று உங்கள் பர்ஸில். மருந்து மாறும்போதெல்லாம் மூன்றையும் மாற்றுங்கள்.